டாப்பில் ஒரு சைக்கிள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி ரூட்டுகளில் ஓடிய பழைய பஸ்களின் பின்பக்கத்தில் ஓர் இரும்பு ஏணி இருக்கும். அதில் ஏறினால் டாப்பு. சுற்றிலும் கம்பி அடைத்த கேரியர். வாழைத்தார், வெற்றிலைக் கூடை, விதைநெல் மூட்டை, கல்யாண வீட்டு அண்டா. இவற்றோடு சைக்கிளும் ஏறும். கீழே நிற்பவர் பின்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கிக்கொடுக்க, ஏணியில் பாதி வழியில் நிற்கும் கிளீனர் முன்சக்கரத்தைப் பிடித்து மேலே இழுப்பார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். ஆறும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிப்போட்ட டெல்டாவில், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் போகும் கடைசி மூன்று நான்கு கிலோமீட்டர்தான் எப்போதும் பாடு. டாப்பில் சைக்கிள் இருந்தால் அந்தப் பாடு இல்லை.

என் அப்பா 1968ல் தொடங்கி நாலு வருஷம் கும்பகோணம் பக்கம் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனராக இருந்தார். 1972ல் சோழன் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தபோது அவர் அதில் சேரவில்லை, ஊருக்குப் பக்கத்திலேயே ரைஸ் மில்லில் இன்ஜின் ஓட்டப் போய்விட்டார். ஆனாலும் இன்றுவரை எதையாவது கட்ட வேண்டும் என்றால் தெருவில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். வைக்கோல் பாரமோ பீரோவோ, கடைசி முடிச்சு அவருடையது.

2023 ஆடியில் அவருடைய சைக்கிளை என் கார் டாப்பில் ஏற்றி, பாபநாசத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனேன். சுமார் 300 கிலோமீட்டர். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அம்மா முந்தின மார்கழியில் போய்விட்டாள். ஏழு மாசம் அப்பா தனியாக இருந்தார். காலையில் வடித்த சோறு, ராத்திரி அதிலேயே தண்ணீர் ஊற்றி ஊறுகாய். அக்கா சிங்கப்பூரிலிருந்து போனில் அழுவாள். நான் மாசத்துக்கு இரண்டு முறை வந்து கூப்பிடுவேன். ஒவ்வொரு முறையும் "நடவு முடியட்டும்", "மேட்டூர் தொறக்கட்டும்" என்று தள்ளிவிடுவார். அவருக்கு நிலம் என்று இருந்ததே ஒன்றரை மா, அதுவும் குத்தகைக்கு விட்டாச்சு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த பிறகு சொல்ல வேறு காரணம் இல்லாமல் போனது.

"சைக்கிள் வந்தா நானும் வரேன்" என்றார்.

சித்தப்பா சிரித்தார். "பழைய இரும்புக்குப் போட்டாக்கூட நானூறு ரூவா தேறாது. மெட்ராஸ்ல புதுசு வாங்கிக் குடும்மா." ரயில் பார்சலில் போடலாம் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். சாக்கு சுற்றி, அட்ரஸ் எழுதிக் கொடுத்தால் லக்கேஜ் வேனில் போய்விடும். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "டாப்புலேர்ந்து சாமானை எப்படி எறக்குவோம்னு எனக்குத் தெரியும் பாப்பா. அதனாலதான் சொல்றேன்."

அது ஹெர்குலிஸ், 24 இஞ்ச் ஃப்ரேம், 28 இஞ்ச் சக்கரம். 1976ல் கும்பகோணத்தில் வாங்கியது. அம்பத்தூரில் செய்தது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து முருகப்பா குழுமம் 1949ல் ஆரம்பித்த கம்பெனி, டி.ஐ. சைக்கிள்ஸ். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப அது அதோட ஊருக்குத்தான் போவுது. நாந்தான் வெளியூரு" என்றார்.

அதன் கேரியரில் அறுபது கிலோ நெல் மூட்டை போயிருக்கிறது. நடுபாரில் துண்டைச் சுற்றி அக்காவும் நானும் பள்ளிக்கூடம் போயிருக்கிறோம். அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டதும் அதில்தான். 1991, 92ல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே கலெக்டர். எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் இறங்கினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். பி. சாய்நாத் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். கந்தர்வகோட்டையில் கட்டிக்கொடுத்த எங்கள் பெரியம்மா அந்த அலையில் கற்றுக்கொண்டு, ஒரு கோடை லீவில் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவையும் பிடித்து ஏற்றிவிட்டார். பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட வெட்கப்பட்டு, ஆற்றங்கரையில் இருட்டின பிறகுதான் ஓட்டிப் பார்ப்பாள் அம்மா. ஆறு மாசத்தில் ரேஷன் கடைக்கு அவளே போய்வந்தாள். சைக்கிளை விற்கலாமா என்று யாராவது கேட்டால் அப்பா இதையெல்லாம் சொல்ல மாட்டார். "ஓடுது. ஓடுறதை எதுக்கு விக்கணும்?" என்பார்.

என் காரில் ஏற்கெனவே ரேக் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பழைய அம்பாசடர் டாக்சிகளில் இரும்பு கேரியர் மாட்டுவது சுலபம். மழைத்தண்ணீர் வழியக் கூரையின் இரண்டு ஓரத்திலும் ஒரு விளிம்பு இருக்கும், அதைக் கவ்விப் பிடித்துத் திருகினால் போதும். இப்போதைய கார்களில் அந்த விளிம்பே கிடையாது. கூரையில் நீளவாக்கில் தெரியும் கம்பிகளும் பல மாடல்களில் அழகுக்கு ஒட்டியவை, பாரம் தாங்காது. காரோடு வரும் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று போட்டிருப்பான். என் கார் 50 கிலோ. குறுக்கே போடும் இரண்டு கம்பி, அதன்மேல் சைக்கிளுக்கான ட்ரே, சைக்கிள், எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். ட்ரேக்குத் தனி எல்லை. என்னுடையது ஒரு சைக்கிளுக்கு 17 கிலோ.

அப்பாவின் சைக்கிளை அரிசிக்கடைத் தராசில் வைத்தோம். 22 கிலோ 400.

பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் விதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் அப்பாவின் ஒரு சைக்கிள் அவர்களுடைய மூன்று. டூர் டி ஃபிரான்ஸில் அணிகளின் கார்கள் கூரை முழுக்க சைக்கிளோடு பின்னால் வரும் போட்டோ ஒன்றை செல்போனில் அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த ஓரத்துல நிக்கிது பாரு, இது யாரோடது?"

"அந்த டீம்ல முக்கியமான ஆளோடது. பஞ்சர் ஆனா சட்டுனு எறக்கணும்ல, அதனால ஓரத்துல வப்பாங்க."

"அதான பாத்தேன். மொத ஸ்டாப்புல எறங்குற சாமான் ஓரத்துலதான் இருக்கணும்" என்றார்.

அவருக்குப் புரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. "நிக்க வச்சா கொண்டு போவ?"

பஸ் டாப்பில் சைக்கிளைப் படுக்க வைப்பார்கள். ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடல் மேலே பார்க்க, அடியில் சாக்கு போட்டு. சுற்றிலும் கம்பி இருப்பதால் நகர்ந்தாலும் விழாது. கார் கூரை மெல்லிய தகடு. படுக்க வைத்தால் பெடலும் ஹேண்டிலும் தகட்டை அமுக்கிவிடும், காற்று அடியில் புகுந்து தூக்கும். நிற்க வைத்தால் கத்தி மாதிரி ஒடுங்கி முன்னால் வரும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். எடையை இரண்டு சக்கரமும் வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டில் சாயாமல் இருக்க ஒரு கை ஃப்ரேமின் கீழ்ப்பாரைக் கவ்விக்கொள்ளும். இதையெல்லாம் விளக்கினேன். "சரிதான். ஆனா நிக்கிறதைச் சாய விடாம பிடிக்கிறதுக்கு ஒரு எடம்தான் இருக்கு. அது கரெக்டா இருக்கணும்" என்றார்.

அங்கேதான் சிக்கல். இந்த ரேக்குகளில் இரண்டு வகை. ஒன்று முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஃபோர்க்கைப் பூட்டுவது. பழைய ரோட்ஸ்டர் சைக்கிளில் முன்சக்கரத்தைக் கழற்ற மட்கார்டு கம்பி, நட்டு என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அதற்கு வைத்த பூட்டு இதில் உட்காரவும் உட்காராது. என்னுடையது இரண்டாவது வகை, கீழ்ப்பாரைக் கவ்வுவது. அப்பாவின் சைக்கிளில் கேபிள் பிரேக் கிடையாது, கம்பி பிரேக். பின்பிரேக்குக்குப் போகும் நீளக் கம்பி அந்தக் கீழ்ப்பாரை ஒட்டியே ஓடுகிறது. கவ்வி இறுக்கினால் முதலில் நசுங்குவது அதுதான். வளைந்த பிரேக் கம்பியோடு மெட்ராஸ் டிராஃபிக்கில் எழுபத்து மூன்று வயது ஆள்.

கடைத்தெருவில் சைக்கிள் கடை மாமாவிடம் உருட்டிக்கொண்டு போனோம். ஒருகாலத்தில் நாற்பது வாடகை சைக்கிள் நின்ற கடை. இப்போது பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் இலவச சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் கோட்டம் எடுப்பதும்தான் வேலை. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "கம்பியைக் கழட்டிடுவோம் அண்ணே, அஞ்சு நிமிஷம்" என்றார். எடையும் குறைய வேண்டுமே. ஸ்டாண்டு, பின் கேரியர், செயின் கவர், பெடல், டைனமோ, லைட், சீட்டு, ஒவ்வொன்றாக இறங்கின. அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழற்றும் வரிசையை என் பழைய நோட்டில் எழுதிக்கொண்டார். எந்த வாஷர் எந்த நட்டோடு என்பதையும் படமாகப் போட்டார். நட்டுகளை அந்தந்த போல்ட்டிலேயே திரும்ப மாட்டி, எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கட்டினார். மறுபடி தராசு. 16 கிலோ 800.

எலும்புக்கூடாக நின்ற சைக்கிளைப் பார்த்ததும் அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அவ பாத்தா பயந்துருப்பா" என்றார். அம்மாவைப் பற்றி அந்த மாசத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

மறுநாள் காலையில் ஏற்றினோம். டயரில் காற்றை முழுசாக அடிக்கச் சொன்னார். காற்று குறைந்திருந்தால் போகப் போகச் சக்கரம் அமுங்கும், பட்டை தொளதொளக்கும். கவ்வும் இடத்தில் சும்மாடு வேண்டும் என்றார். நான் துணி எடுக்கப் போனேன். "துணி வழுக்கும்" என்று சைக்கிள் கடையிலிருந்து வாங்கி வந்திருந்த பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கீழ்ப்பாரைச் சுற்றினார். ரப்பர் வழுக்காது, பெயின்ட்டையும் காப்பாற்றும்.

அதே டியூபை நீள வாராகக் கிழித்து முழு சைக்கிளையும் கட்டிவிடலாம் என்பது அவருடைய எண்ணம். நம் ஊரில் கேரியரில் எதைக் கட்டினாலும் டியூப்தானே. அதில் உள்ள சூட்சுமம் எனக்கும் தெரியும். பாரம் குலுங்கி அமுங்கும்போது கயிறு தளர்ந்துவிடும். டியூப் தானே சுருங்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கார் கூரையில் அதே குணம்தான் ஆபத்து. பக்கத்தில் லாரி கடக்கும்போது காற்று ஒரு தள்ளு தள்ளும், டியூப் நீண்டு கொடுக்கும், சைக்கிள் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் கவ்வியைத் தளர்த்தும். இழுத்தாலும் நீளாத பட்டைதான் பிடித்து நிறுத்த வேண்டும். ஓடும் வேகமும் கணக்கு. வேகம் ஒன்றரை மடங்கு ஆனால் காற்றின் அழுத்தம் இரண்டே கால் மடங்கு. அறுபதில் போவதும் தொண்ணூறில் போவதும் சைக்கிளுக்கு ஒன்றல்ல.

அப்பா கேட்டுக்கொண்டார். கடைசியில் இரண்டும் வந்தன. சக்கரங்களுக்கு ட்ரேயின் பட்டை. ஃப்ரேமிலிருந்து குறுக்குக் கம்பிகளுக்கு இரண்டு பக்கமும் தனியாக ஒரு பட்டை. முன்சக்கரம் திரும்பாமல் இருக்க ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு சேர்த்து டியூப் வார். பட்டையின் நுனியைச் சும்மா விட்டால் காற்றில் படபடக்கும். தட்டையாக இழுத்துக் கட்டினாலும் ஓடும்போது உறுமும். "ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டு, சத்தம் வராது" என்றார். தார்ப்பாய்க் கயிற்றில் கற்றதாம். உண்மையிலேயே வரவில்லை. மிச்ச நுனியை அவர் போட்ட முடிச்சை ஒரு பக்கம் இழுத்தால் தானே கழன்றது. பஸ்ஸில் நாற்பது ஊர் நிறுத்தம், ஒவ்வொன்றிலும் யாருடைய சாமானாவது இறங்க வேண்டும். "இறுகுறது பெரிசு இல்ல பாப்பா. அவுக்குற நேரத்துல அவுரணும்."

சைக்கிளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சைக்கிள் ஆடாமல் கார் ஆட வேண்டும், அதுதான் சோதனை. கார் ஆடியது.

தரையிலிருந்து ஹேண்டில்பார் வரை அளந்தேன். 2.7 மீட்டர். தெருவில் தாழ்ந்து வந்த புங்கமரக் கிளையைத் தாண்டும்வரை அப்பா காருக்கு முன்னால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பார்த்தவர்களெல்லாம் அப்பாவுக்குக் கை காட்டினார்கள். சித்தப்பா, "சாமி பொறப்பாடு மாதிரி இருக்குடா" என்றார். சீட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பா முன்சீட்டில் ஏறினார். டிக்கியில் வைக்கலாமே என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

பாபநாசம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. "மொத நிறுத்தத்துல ஏறிப் பாக்கணும். எவ்ளோ நல்லா கட்டினாலும் மொதல்ல ஒருதரம் அமுங்கும்." ரேக்கோடு வந்த கையேட்டிலும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லி ஒரு வரி உண்டு. கதவைத் திறந்து, படியில் ஒரு காலை ஊன்றி எழுந்து, பட்டைகளை விரலால் சுண்டிப் பார்த்தார். முன்பட்டை இரண்டு பல் இறங்கியது.

கும்பகோணம், திருப்பனந்தாள் வழியாக அணைக்கரை. ஆர்தர் காட்டன் 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டியது. பழைய அணை மேலேயே போகலாம் என்றார் அப்பா. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வந்தால் பழமொழியாகத் தெரியாது. ரோடு வடக்கே போகிறது, காற்று மேற்கிலிருந்து நேராக விலாவில் அடிக்கிறது. அந்த வருஷம் கொள்ளிடத்துக்குத் தண்ணீர் விடவில்லை. ஆறு முழுக்க மணல், காற்றில் எழுந்து ரோட்டில் ஓடியது. முன்னால் வரும் காற்றுக்குக் கத்தியாக இருக்கும் சைக்கிள் பக்கக்காற்றுக்குப் பாய்மரம். மட்கார்டும் சேர்ந்துகொண்டது. முப்பதுக்கு இறங்கினேன். ஸ்டியரிங்கில் இழுப்பு தெரிந்தது. மேலே ஒரு சத்தமும் இல்லை.

அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிக் காற்றைப் பார்த்தார். "இந்த எடத்துல டாப்புல ஒக்காந்து வந்துருக்கேன். அப்ப ரெண்டு பக்கமும் தண்ணி" என்றார். பிறகு வடலூர் வரை பேசவில்லை. மடியில் இருந்த சீட்டின் தோலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அந்த நேரத்தில் எனக்குச் சைக்கிளைப் பற்றிய பயம் போய், வேறு பயம் வந்திருந்தது. இவரை எங்கே கொண்டுபோய் இறக்கப் போகிறேன்? மேடவாக்கத்தில் நாலாவது மாடி. லிஃப்டில் சைக்கிள் ஏறாது. தெருவில் தண்ணீர் லாரியும் ஸ்கூல் வேனும். சைக்கிளைக் கழற்றிய வரிசை நோட்டில் இருக்கிறது, அதே வரிசையில் திரும்ப மாட்டலாம். அம்மா இல்லாத வீட்டிலிருந்து கழற்றியவரை எதில் மாட்டுவது என்று எந்த நோட்டில் எழுதியிருக்கிறது?

ரேக்கில் சைக்கிளோடு போகிறவர்களுக்கு விபத்து பெரும்பாலும் ஹைவேயில் வருவதில்லை. வீட்டு வாசலில் வரும். ஐந்து மணி நேரம் ஓட்டிய களைப்பில், மேலே சைக்கிள் இருப்பதை மறந்து கீழ்த்தளப் பார்க்கிங்கில் நுழைவார்கள். எங்கள் அடுக்ககத்து வாசலில் 2.1 மீட்டர் என்று மஞ்சள் போர்டு தொங்குகிறது. மறக்காமல் இருக்க சிலர் ஸ்டியரிங்கில் ஹெல்மெட்டை மாட்டி வைப்பார்கள். எனக்கு அப்பாவின் மடியில் சீட்டு இருந்தது. வெளியே நிறுத்தினேன்.

அவரே முடிச்சுகளை இழுத்தார். ஒவ்வொன்றும் ஓர் இழுப்பில் கழன்றது. கவ்வியைத் திறந்து, டியூப் துண்டை உருவி, பாரில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மாட்டுவதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார். தெருமுனை மெக்கானிக்கை வேண்டாம் என்றுவிட்டு, வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரரான வாட்ச்மேன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் அப்பாவுக்கு ஐந்து பேரைத் தெரிந்திருந்தது. ஐந்து வருஷமாக இருக்கும் எனக்கு இரண்டு பேர்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு, டிராஃபிக் ஆரம்பிப்பதற்கு முன்னால், பால் வாங்கப் போகிறார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வரை போய்ப் பறவை பார்த்துவிட்டு வருவதாக வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தண்ணி கிடக்குற எடமா இருக்கு, அதான்" என்றார் கேட்டபோது.

பட்டைகளையும் டியூப் வார்களையும் கழற்றிய வரிசை எழுதிய நோட்டையும் மஞ்சப்பையில் போட்டு பால்கனி ஆணியில் மாட்டியிருக்கிறார். இடத்தை அடைக்கிறதே, தூக்கிப் போடட்டுமா என்று பொங்கலுக்கு முன்னால் ஒட்டடை அடிக்கும்போது கேட்டேன்.

"வச்சிரு பாப்பா. திரும்பறப்ப வேணும்ல."

எப்போது என்று நான் கேட்கவில்லை. பையைத் துடைத்து மறுபடி அதே ஆணியில் மாட்டினேன். காலி ரேக் கூரையில் இருந்தால் காற்றை வாங்கி மைலேஜ் குறையும். வழக்கமாக ஊருக்குப் போய்வந்த மறுநாளே கழற்றி வைத்துவிடுவேன். இன்னும் கழற்றவில்லை.